கனத்த லூருக்கு ஒரு ரீல்

மதுரையில் தூண்டில் போடுகிறவர் எந்தப் பேருந்து நிலையத்துக்குப் போகிறார் என்று பார்த்தாலே அன்றைக்கு என்ன மீனுக்குப் போகிறார் என்று சொல்லிவிடலாம். ஆரப்பாளையம் என்றால் மேற்கு. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, வைகை அணை, வழிநெடுகக் கண்மாய்கள், அவற்றில் விரால். மாட்டுத்தாவணி என்றால் கிழக்கு. இராமநாதபுரம், மண்டபம், பாம்பன், கடலில் பாரையும் கழிமுகத்தில் கொடுவாவும். இரண்டுக்கும் ஒரே ரீல் போதும் என்று நம்பி வாங்குகிறவர்கள்தான் அதிகம். அந்த ரீல் ஓர் ஆண்டு கழித்து என்ன ஆனது என்று விசாரித்தால், கைப்பிடி முன்னும் பின்னும் ஆடுகிறது, உள்ளே கரகரவென்று சத்தம் வருகிறது என்பார்கள். "பெரிய மீன் இழுத்திருச்சுண்ணே" என்று காரணமும் சொல்வார்கள்.

பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் வேறாக இருக்கும். மூன்று கிலோ விரால் மாட்டினால் போராட்டம் இரண்டு நிமிடம். மீதி நாள் முழுக்க ரீல் இழுத்தது செயற்கை இரையான லூரைத்தான். லூரோடு சேர்ந்து வந்த ஆகாயத்தாமரைக் கொத்தை, அல்லிக்கொடியை, பாசியை. விராலுக்குப் போடும் ரப்பர் தவளை 15 கிராம்கூட இருக்காது. ஆனால் அது கொடியில் சிக்கி வரும்போது ரீலுக்குத் தெரிவது கொடியின் எடைதான். மதுரைக் கண்மாயில் லேசான லூரும் கனத்த லூர்தான் என்று எடுத்துக்கொண்டு ரீலைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இந்தக் கணக்கை உலகத்தில் எல்லோரையும்விடக் கறாராகப் போடுகிறவர்கள் அமெரிக்கா, கனடா ஏரிகளில் மஸ்கி பிடிக்கிறவர்கள். மஸ்கலஞ்ச் என்பது மீனின் முழுப்பெயர். 1949இல் விஸ்கான்சினில் கேல் ஜான்சன் பிடித்த மஸ்கி 67 பவுண்டு 8 அவுன்ஸ், நம் கணக்கில் முப்பது கிலோவைத் தாண்டியது; இன்றும் அதுதான் சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் ஏட்டில் உள்ள சாதனை. இந்த மீனுக்கு அவர்கள் வீசும் ரப்பர் லூர்களில் ஒரு பவுண்டு எடையுள்ளவையும் உண்டு. இரண்டு பெரிய உலோகத் தகடுகள் சுழலும் லூர் எடையில் குறைவு, ஆனால் தண்ணீரில் அது கொடுக்கும் எதிர்ப்பு மணிக்கட்டை நோக வைக்கும்.

மஸ்கியைப் பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று அங்கே சொல்வார்கள். மிகைதான். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வீச்சு 25 மீட்டர் என்றால் பத்தாயிரம் வீச்சுக்கு 250 கிலோமீட்டர் இழுவை. கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு 75 சென்டிமீட்டர் நூல் வருகிறது என்றால் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள். இத்தனையும் ஒரே ஒரு மீனுக்கு முன்னால். ரீல் எதனால் தேய்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

நம் பக்கத்திலும் கனத்த லூர் கதை ஒன்று இருந்தது. சென்னை மாகாண சிவில் பணியில் இருந்த எச்.எஸ். தாமஸ் 1873இல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி ஒரு தடித்த புத்தகம் எழுதினார். 1887இல் குளங்களிலும் ஏரிகளிலும் மீன்பிடிப்பதற்கென்றே இன்னொன்று. முதல் புத்தகத்தின் நாயகன் மாசீர், நம் ஊர்ப் பேச்சில் யானைக்கெண்டை. 1946இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் கபினி ஆற்றில் பிடித்த மாசீர் 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ. அக்காலத்தில் மாசீருக்குக் கனத்த ஸ்பூனை வீசியவர்கள் பலரும் வைத்திருந்தது ஹார்டி கம்பெனியின் சைலெக்ஸ் போன்ற சக்கரங்கள். அவற்றில் பல்சக்கரமே கிடையாது. கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் நூல் சுற்றிய உருளையும் ஒரு சுற்று. மெதுவாகத்தான் நூல் வரும், விரல் முட்டியில் கைப்பிடி அடித்துக் காயமும் ஆகும். ஆனால் தேய்வதற்கு அதற்குள் அதிகம் எதுவும் இல்லை. நூறு வயதான சைலெக்ஸ் இன்றும் சுற்றுவதன் ரகசியம் அவ்வளவுதான்.

கபினி, காவிரியின் அந்தத் திமில் மாசீருக்கு டோர் ரேமாதேவி என்ற அறிவியல் பெயர் உறுதியானது 2018இல்தான். அதே ஆண்டிலேயே அது மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மோயாற்றில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. அதற்குத் தூண்டில் போடுவதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

பல்சக்கரம் வைத்த ரீல் வந்த பிறகுதான் வேகமும் வந்தது, தேய்மானமும் வந்தது. சுவீடனின் ஆபு, ஜப்பானின் ஷிமானோ இரண்டும் தொடங்கப்பட்டது 1921இல். ஆபு டாக்சி மீட்டர் செய்த கம்பெனி. அதன் அம்பாசடர் ரீல் 1950களில் வந்து, இன்றும் அதே உருண்டை வடிவத்தில் கிடைக்கிறது. ஷிமானோ முதலில் செய்தது சைக்கிள் ப்ரீவீல். முன்னால் மிதித்தால் பிடித்துக்கொள்ளும், பின்னால் மிதித்தால் டிக் டிக் என்று ஓடும் அதே ப்ரீவீல். ரீலின் கைப்பிடி பின்னால் சுற்றாமல் தடுக்கும் பாகமும் அந்த வேலையைத்தான் செய்கிறது. சைக்கிள் கடையில் கை அழுக்கான ஆளுக்கு ரீலைப் பிரித்துக் காட்டினால் பாதி அவருக்கு உடனே புரிந்துவிடும்.

இந்தத் தடுப்பு இரண்டு விதம். பழையது பல்லும் நாக்கும் வைத்தது: கைப்பிடி பின்னால் கொஞ்சம் நகர்ந்து, அடுத்த பல்லில் நாக்கு விழுந்து நிற்கும். புதியது ஒருவழி பேரிங்: சின்னச் சின்ன உருளைகள் சரிவில் ஏறி இறுகிக்கொள்ளும், கைப்பிடி துளியும் பின்னால் போகாது. கடையில் கையில் எடுத்ததும் பிடித்துப்போவது இரண்டாவதுதான். கனத்த லூருக்கு முதலில் கைவிடுவதும் அதுதான். உள்ளே கிரீஸ் அதிகமாகப் போய்விட்டாலோ, அந்தச் சின்ன உருளைகள் தேய்ந்துவிட்டாலோ, முள் குத்த வெடுக்கென்று இழுக்கிற அந்தக் கணத்தில் கைப்பிடி வழுக்கிப் பின்னால் அடிக்கும். விரல் தப்பினால் அதிர்ஷ்டம். இரண்டு தடுப்பும் சேர்ந்திருக்கிற ரீல் கிடைத்தால் அதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

கியர் விகிதத்தைப் பற்றித்தான் கடைகளில் அதிகம் பேச்சு, பாதிக்குமேல் தவறான பேச்சு. ஒரு கணக்கு. லூரின் எதிர்ப்பு 2 கிலோ, உருளையின் ஆரம் 2 சென்டிமீட்டர், கைப்பிடியின் நீளம் மையத்திலிருந்து 5 சென்டிமீட்டர் என்று வைப்போம். 6:1 விகிதத்தில் கை கொடுக்க வேண்டிய விசை ஏறத்தாழ 4.8 கிலோ. 4:1இல் 3.2 கிலோ. அதே 6:1 ரீலுக்குக் கைப்பிடியை 7 சென்டிமீட்டராக நீட்டினால் 3.4 கிலோ. நீளக் கைப்பிடி போட்டால் கைக்குச் சுகம், சரி. ஆனால் உள்ளே பல்லில் விழும் சுமை ஒரு கிராம்கூடக் குறையாது. உருளையோடு சுற்றும் சின்னப் பல்சக்கரத்தின் ஆரம் 4 மில்லிமீட்டர் என்றால் அதே 2 கிலோ இழுவைக்கு அதன் பல்லில் 10 கிலோ உட்காருகிறது, கைப்பிடி எவ்வளவு நீளமானாலும். அதனால்தான் கைப்பிடியை மட்டும் மாற்றிவிட்டு மலிவு ரீலைக் 'கனரக' ரீல் ஆக்குகிறவர்கள் ஆறு மாதத்தில் கியரைத் தேடி அலைகிறார்கள்.

பல் எதனால் செய்தது என்பதுதான் விலையின் பெரும்பகுதி. கடைந்தெடுத்த பித்தளை கனமாக இருக்கும், மெதுவாகத் தேயும். அலுமினியம் லேசு, சீக்கிரம் தேயும். துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றிச் செய்த பல், பெட்டிக்குள் பளபளக்கும். ஆகாயத்தாமரைக்கு அது ஆகாது. எடை குறைந்த ரீலைப் பெருமையாக விற்கிற காலம் இது. நாள் முழுக்க வீசுகிறவருக்கு ஐம்பது கிராம் மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஐம்பது கிராம் எங்கிருந்து குறைந்தது என்று கேட்டுவிட்டு வாங்க வேண்டும். பெரும்பாலும் கியரிலிருந்தும் சட்டத்திலிருந்தும்தான் குறைந்திருக்கும்.

சட்டத்தைச் சோதிக்கக் கருவி தேவையில்லை. கடையிலேயே, மீன் இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கும் டிராக்கை முழுக்க இறுக்கி, நூலைக் கையில் சுற்றி இழுத்துக்கொண்டே கைப்பிடியைச் சுற்றிப் பார்க்கலாம். பக்கத் தட்டு விலகி முடி நுழையும் இடைவெளி தெரிந்தால், அந்த இடைவெளி அளவுக்குப் பல்லும் பல்லும் விலகி நுனியில் மட்டும் உரசுகின்றன என்று அர்த்தம். உலோகச் சட்டம் இப்படி விலகுவது குறைவு. கிராஃபைட் கலந்த பிளாஸ்டிக் சட்டம் விலகும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் இதைச் செய்துவிடுவது நல்லது.

"அண்ணே, இதுல எத்தனை பேரிங்?"

"பதினொண்ணு தம்பி. அதுல பன்னெண்டு, ஆனா விலை கூட."

இந்தப் பேச்சுக்கு அர்த்தமே இல்லை. கனத்த இழுவையைத் தாங்குவது கியர் தண்டிலும் உருளையின் இரு முனைகளிலும் உள்ள நாலைந்து பேரிங்தான். மற்றவை கைப்பிடிக் குமிழிலும் இங்குமங்கும் உட்கார்ந்து எண்ணிக்கையை ஏற்றுகின்றன. பாம்பனுக்குப் போய்வந்தால் முதலில் துருப்பிடிப்பவையும் அவைதான். பெட்டியில் அச்சடித்த டிராக் கிலோவும் ஏறத்தாழ இதே கதை. கார்பன் வளையம் இருக்கிறதா, மெதுவாக இழுத்தால் தடையில்லாமல் சீராக வழிகிறதா என்று பார்த்தால் போதும்.

நூலை உருளையில் இடவலமாகப் பரப்பும் பாகத்தை யாரும் கவனிப்பதில்லை. குறுக்கு மறுக்காக வரி வெட்டிய தண்டு, அந்த வரியில் ஓடும் சின்ன நாக்கு. ரீலிலேயே சிறிய பாகம், அடிக்கடி மாற்ற வேண்டியதும் அதுதான். வைகை மணல் ஒரு சிட்டிகை அந்தத் தண்டுக்குள் போனால் நாக்கின் நுனி கரைந்துவிடும். அதன்பின் நூல் ஒரே இடத்தில் குவியும், அடுத்த வீச்சில் சிக்கு. சிக்கில் உருளை சட்டென்று நின்றால் கனத்த லூர் நிற்காது. நூலை அறுத்துக்கொண்டு தனியாகப் பறந்துவிடும். கரையிலிருந்து தூரம் வீசும் கடல்காரர்கள் சிலர் இந்தப் பாகமே இல்லாத ரீலை வாங்கி, கட்டைவிரலால் நூலைப் பரப்பிக்கொள்வது இதற்காகத்தான். பழக நாளாகும்.

அப்படியானால் ஸ்பின்னிங் ரீல் எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். ஸ்பின்னிங்கில் விசை தொண்ணூறு பாகை திரும்ப வேண்டியிருக்கிறது. கைப்பிடியின் அச்சு ஒரு பக்கம், நூல் சுற்றும் அச்சு இன்னொரு பக்கம். இதுவரை பேசிய படுக்கை உருளை ரீலில் இரண்டு அச்சும் இணையாக இருப்பதால் அதே உடல் எடைக்கு அது பலமாக இழுக்கும். மஸ்கிக்காரர்கள் அதை விடாததற்கு இதுவே காரணம், விராலுக்கும் அதுவே சரி. பாரை வேறு. 150 கிராம் பாப்பர் லூரைக் காற்றுக்கு எதிராக வீச வேண்டும், மாட்டினால் நூறு மீட்டர் நூலை உருவிக்கொண்டு ஓடும். அங்கே பெரிய ஸ்பின்னிங்தான் நிற்கிறது. ஆனால் உப்புத்தண்ணீருக்கென்று அடைப்பு போட்டுச் செய்த வகை, விலையும் அப்படியே. ஆரப்பாளையத்துக்கும் மாட்டுத்தாவணிக்கும் பொதுவாக ஒரே ரீல் வாங்குகிறவர் ஏதோ ஒரு பக்கம் காசை வீணாக்குகிறார்.

போகிற இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கண்மாய்களில் மீன்பாசி ஏலம் எடுத்த குத்தகைதாரர் இருப்பார். அவரிடம் கேட்காமல் தூண்டில் போடுவது வம்பு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா; அந்தப் பக்கம் லூரோடு போகக் கூடாது.

கடலிலிருந்து திரும்பியதும் கழுவுவதில் மதுரைக்காரருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வீட்டுப் போர் தண்ணீர் பல தெருக்களில் கடினநீர். உப்பைக் கழுவப் போய்ச் சுண்ணாம்பு வெள்ளையைப் படியவைத்து எடுப்பார்கள். குடிதண்ணீர் ஒரு சொம்பு போதும். டிராக்கை இறுக்கிவிட்டு மேலே மெதுவாக ஊற்றி, துடைத்து, பிறகு டிராக்கைத் தளர்த்தி நிழலில் காயவைக்க வேண்டும். குழாயை வைத்துப் பீய்ச்சினால் வெளியில் இருந்த உப்பும் மணலும் உள்ளே போய்விடும்.

கடைசியாக, எந்த ரீலின் பாகம் எங்கே கிடைக்கும் என்ற கேள்வி. நூல் உருளையின் பேரிங் பல ரீல்களில் 3×10×4 மில்லிமீட்டர் அளவு; அந்த அளவைச் சொல்லி பேரிங் கடையில் கேட்டுப் பார்க்கலாம். கைப்பிடித் திருகை லேத்தில் கடைந்துவிடலாம், நூல் பரப்பும் நாக்கைக்கூட அரம் போட்டுச் சமாளிக்கலாம். கியரையும் ஒருவழி பேரிங்கையும் பட்டறையில் செய்ய முடியாது. ஆண்டுக்கு ஒரு மாடல் மாற்றும் கம்பெனியின் ரீல் என்றால் மூன்றாம் ஆண்டு அந்தக் கியர் உலகத்திலேயே இருக்காது. பழைய உருண்டை அம்பாசடரைப் பழமைவாதிகள் விடாமல் வைத்திருப்பதற்கு மரியாதையைவிட இந்த வசதிதான் காரணம்: பல ஆண்டுகளாக உள்ளே பெரிதாக மாறாத ரீல் என்பதால் உடைந்த ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் போடலாம். புதிதாக வாங்குகிறவர், வாங்கும் அன்றைக்கே கியர் ஒரு ஜோடி, ஒருவழி பேரிங் ஒன்று, நூல் பரப்பும் நாக்கு இரண்டு ஆகியவற்றுக்கும் சேர்த்து விலை கேட்க வேண்டும். "அதெல்லாம் வராது தம்பி, புதுசே வாங்கிக்கலாம்" என்று பதில் வந்தால் அடுத்த ரீலைப் பார்க்கலாம்.