வேகத்துக்கு ஓர் இடம்

ஐரோப்பாவில் வாடகைக் கார் எடுக்க நினைப்பவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தாக வேண்டும். ஒன்று, நம் வழக்கமான ஓட்டுநர் உரிமம். மற்றது, சர்வதேச ஓட்டுநர் அனுமதி. இரண்டாவதையும் நம் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே தருகிறார்கள். கட்டணம் 1000 ரூபாய், ஓராண்டுக்குச் செல்லும். திண்டுக்கல்லில் வாங்கிய அந்தச் சிறு புத்தகத்தை ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரத்து வாடகைக் கடையின் மேசைமேல் வைத்தேன். அங்கிருந்த பெண் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் சாவியை நீட்டினார். பள்ளி வயதிலிருந்து கார்ப் படங்களை வெட்டி நோட்டில் ஒட்டி வளர்ந்தவன் நான். அந்தச் சாவியை வாங்கியபோது கை நடுங்கியது.

கடையில் பெரிய எஞ்சின் வண்டிகளும் நின்றன. நான் கேட்டு எடுத்தது மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டே இருக்கை, மடக்கிப் போடும் துணிக் கூரை, கையால் மாற்றும் கியர், பின்சக்கர இயக்கம். எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும். 1989இல் சிக்காகோ கண்காட்சியில் முதலில் காட்டப்பட்ட இந்த வண்டி, 2016இல் பத்து லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்டது. இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது இதுதான். இந்தியாவில் இதை விற்பதில்லை. ஐந்நூறு குதிரைத்திறன் வண்டியை எடுத்தால் அதன் பாதி பலத்தைக்கூடப் பொதுச் சாலையில் பயன்படுத்த முடியாது. இதன் முழு பலத்தையும் ஒரு மலைப்பாதையில் பயன்படுத்தலாம். ஓட்டுவதை நேசிக்கிறவனுக்குச் சின்ன வண்டிதான் பெரிய வண்டி என்பது என் உறுதியான கருத்து.

திண்டுக்கல்லிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் முதலில் சமவெளிதான். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகள், ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறி லாரிகள், நிலக்கோட்டைப் பக்கம் பூ மூட்டை ஏற்றிய வேன்கள். கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் கொடைக்கானல் மலை. நேர் சாலையில் யாரும் வேகமாகப் போய்விடலாம். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள மலை ஏற வேண்டும். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் லாரி ஓட்டிய என் மாமா. வத்தலக்குண்டைத் தாண்டிக் காட் ரோடு ஏறும்போது, “மாப்ள, வளைவுக்கு முன்னாடியே கியரக் கொறச்சிரு. உள்ள போய் பிரேக்கத் தேடாத. ஏறி வர்ற வண்டிக்கு எடங்குடு” என்பார். அந்த மூன்று வாக்கியங்கள் ஆல்ப்ஸ் முழுக்க எனக்குப் போதுமாக இருந்தன.

ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் ஸ்டியரிங் இடப்பக்கம், ஓட்டுவது சாலையின் வலப்பக்கம், கியர் வலக்கையில். ஆளில்லாத ஒரு வாகன நிறுத்தத்தில் வட்டமடித்துக் கையைப் பழக்கிக்கொண்ட பிறகே சாலையில் இறங்கினேன். யார் போனாலும் இதைச் செய்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

முதலில் போன இடம் போர்ட்ஸ்ஹைம். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண், கணவர் கார்ல் பென்ஸுக்குச் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து இந்த ஊருக்கு, தன் தாய் வீட்டுக்கு, மூன்று சக்கர மோட்டார் வண்டியை ஓட்டி வந்தார். நூறு கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். அவ்வளவு தொலைவு காரில் போன முதல் மனிதர் அவர். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில் துணிக்கறை நீக்கும் லிக்ராயின் திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாயில் அடைப்பு வந்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். இறக்கத்தில் மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. வழியிலிருந்த ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கி அவற்றின்மேல் அடிக்கச் சொன்னார். தோல் பதனிடும் ஊரில் பிறந்தவனுக்கு அந்தத் தோல் துண்டு மனதில் தனியாக நிற்கிறது. காருக்கு முதன்முதலில் பிரேக் லைனிங் கண்டுபிடித்தவர் ஒரு தாய். இன்று அந்த வழி முழுவதும் அவர் பெயரில் பலகை வைத்துக் காத்துவருகிறார்கள்.

அடுத்து ஆட்டோபான், ஜெர்மனியின் நெடுஞ்சாலை. வேக வரம்பே இல்லாத சாலை என்று நம் ஊரில் பேசிக்கொள்வது பாதி உண்மைதான். பல பகுதிகளில் 120, 100, வேலை நடக்குமிடங்களில் 80 என்று வரம்பு உண்டு. வரம்பு முடியும் இடத்தில் சாய்வுக் கோடுகள் போட்ட வெள்ளை வட்டப் பலகை நிற்கும். அதற்குப் பிறகும் பரிந்துரைக்கப்படும் வேகம் மணிக்கு 130. அந்தப் பலகையைத் தாண்டி ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். 190 வரை போனேன், காது அடைத்தது. கண்ணாடியில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது. நான் வலப்பக்கம் ஒதுங்குவதற்குள் ஒரு போர்ஷே பின்னால் வந்து, பொறுமையாக இடைவெளி விட்டு, வழி கிடைத்ததும் போய்விட்டது. ஹாரன் இல்லை, லைட் அடிக்கவில்லை.

அந்த வேகத்தைத் தாங்குவது காரைவிட ஒழுங்குதான். முந்துவது இடப்பக்கமாக மட்டும். முந்தியதும் வலப்பக்கத்துக்குத் திரும்பிவிட வேண்டும். லாரிகள் 80க்கு மேல் போகக்கூடாது. நெரிசலில் வண்டிகள் நின்றால் இடக்கோடியில் இருப்பவர் இன்னும் இடப்பக்கம் ஒதுங்க, மற்றவர்கள் வலப்பக்கம் ஒதுங்க, நடுவே ஆம்புலன்ஸுக்கு ஒரு வழி உண்டாகிறது. யாரும் சொல்லாமலே எல்லோரும் அதைச் செய்ததை நான் காருக்குள்ளிருந்து பார்த்தேன். நம் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் அகலமான, நல்ல சாலைதான். கரூரிலிருந்து மதுரை வரை அதில் வலக்கோட்டை அடைத்துக்கொண்டு ஊரும் லாரிகளை நினைத்துப் பார்த்தேன். நமக்குத் தார் போடத் தெரியும், கோட்டை மதிக்கத்தான் பழகவில்லை.

சுவிட்சர்லாந்தின் நெடுஞ்சாலைகளுக்கு 40 ஃபிராங்க் கொடுத்து ஆண்டு வில்லை வாங்க வேண்டும். ஊருக்குள் 50, வெளியே 80, நெடுஞ்சாலையில் 120. அளவு மீறிய வேகம் அங்கே குற்ற வழக்கு, சிறைக்கும் அனுப்புவார்கள். ஆனால் ஃபுர்கா கணவாயில் 80 என்பதே தேவைக்கு மேல். 2429 மீட்டர் உயரம், ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் ரோன் நதி பிறக்கும் பனிப்பாறை. 1964இல் வந்த ‘கோல்டுஃபிங்கர்’ படத்தில் ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின் ஓடியது இந்தப் பாதையில்தான்.

அங்கே ஓர் அருமையான விதி உண்டு. மஞ்சள் நிற அஞ்சல் பேருந்துகள் ஓடும் மலைப்பாதைகளில் அந்தப் பேருந்துக்கே முன்னுரிமை. குறுகிய இடத்தில் பேருந்து ஓட்டுநர் பின்னால் போ என்றால் ஃபெராரியும் பின்னால் போகத்தான் வேண்டும். வளைவுக்கு முன் அந்தப் பேருந்து மூன்று ஸ்வரத்தில் ஹாரன் ஒலிக்கும். ரோசினியின் ‘வில்லியம் டெல்’ இசைநாடகத்திலிருந்து எடுத்த ஸ்வரங்கள். மலைமேல் எங்கோ கண்ணுக்குத் தெரியாத வளைவிலிருந்து அது கேட்கும்போது கால் தானாக பிரேக்குக்குப் போகிறது. கொடைக்கானல் பேருந்துகளுக்கும் இப்படி ஒரு மரியாதையைச் சட்டமாக்கினால் எத்தனையோ உரசல்கள் குறையும்.

பிறகு இத்தாலியில் ஸ்டெல்வியோ. 2757 மீட்டர். ஆஸ்திரியப் பேரரசுக்காக கார்லோ டொனெகானி என்ற பொறியாளர் 1820க்கும் 1825க்கும் இடையில் குதிரை வண்டிகளுக்காக அமைத்த பாதை. டிராஃபோய் பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண். சிறுமலையில் 18, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலையில் 70 என்று எண்ணி வளர்ந்த தமிழனுக்கு எண்ணிக்கை மலைப்பைத் தராது. மலைப்பைத் தருவது, உச்சியில் நின்று கீழே பார்க்கும்போது பாதை முழுவதும் ஒரே பார்வையில் தெரிவது. நம் மலைகளில் காடு பாதையை மறைத்துவிடும். இங்கே மரங்கள் வளரும் உயரம் முடிந்த பிறகு மொட்டைப் பாறைமேல் பாதை மட்டுமே.

இரண்டாவது கியரில் ஏறினேன். எஞ்சின் சத்தம் கல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. வளைவுக்கு முன் கியர் குறைத்து, சக்கரத்தைத் திருப்பி, வளைவின் முடிவு கண்ணில் பட்டதும் மெல்ல மிதித்தால், பின்சக்கரங்கள் உடம்பை முன்னால் தள்ளுவது இடுப்பில் தெரியும். வேகம் முப்பதோ நாற்பதோதான். ஆட்டோபானில் 190இல் கிடைக்காத ஒன்று இங்கே கிடைத்தது. சைக்கிள்காரர்கள் வியர்வையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்ட ஒவ்வொரு வளைவிலும் காத்திருந்தேன். காத்திருந்த அத்தனை கார்களிலும் பொறுமை இருந்தது.

ஆஸ்திரியாவின் கிராஸ்குளோக்னர் சாலை வேறு வகை. பொறியாளர் ஃபிரான்ஸ் வாலாக் வடிவமைத்த இது, வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்து, 1935 ஆகஸ்ட் 3இல் திறக்கப்பட்டது. 48 கிலோமீட்டர், 36 வளைவுகள். சரக்குக்காகவோ படைக்காகவோ அல்லாமல், மலையைப் பார்த்தபடி கார் ஓட்டும் மகிழ்ச்சிக்காகவே போட்ட சாலை. ஒரு காருக்கு 40 யூரோவுக்கும் மேல் கட்டணம். அந்தக் காசு சாலையில் தெரிகிறது. குழி இல்லை, குப்பை இல்லை, ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்திப் பார்க்க இடம். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

இந்தப் பயணத்தில் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது ஜெர்மனியின் நூர்புர்க்ரிங். ஐஃபெல் காடுகளுக்கு நடுவே 1927இல் திறந்த பந்தயத் தடம். அதன் வடக்கு வளையம் 20.8 கிலோமீட்டர். ஏற்ற இறக்க வேறுபாடு சுமார் 300 மீட்டர். பந்தய வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட் இதற்குப் பச்சை நரகம் என்று பெயர் வைத்தார். 1976இல் இன்னொரு பந்தய வீரர் நிக்கி லாடா இங்கே தீயில் சிக்கி உயிர் பிழைத்த பிறகு ஃபார்முலா ஒன் இந்த வளையத்துக்குத் திரும்பவில்லை. பந்தயமோ சோதனை ஓட்டமோ இல்லாத நாட்களில் கட்டணம் கட்டி யாரும் இதில் சொந்தக் காரை ஓட்டலாம். சாதாரண வாடகைக் காருக்கு ஒப்பந்தம் அனுமதிக்காது என்பதால் மாஸ்டாவை வெளியே நிறுத்திவிட்டு, இதற்கென்றே கார் தரும் கடையில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு பயிற்றுநர் அமர்ந்தார். “கண்ணாடியைப் பார், வலப்பக்கம் ஒதுங்கு” என்பதையே அவர் வழி முழுவதும் சொல்லிக்கொண்டு வந்தார். இங்கேயும் இடப்பக்கமாக மட்டுமே முந்தலாம். கடிகாரம் வைத்து நேரம் கணக்கிடுவதற்குத் தடை. தடுப்புக் கம்பியில் மோதினால் பழுதுச் செலவு நம்முடையது. காரசெல் என்ற கான்கிரீட் கிண்ண வளைவுக்குள் கார் இறங்கியபோது பல் கிட்டியது. வெளியே வந்து இறங்கியபோது கால்கள் துவண்டன, மனம் நிறைந்திருந்தது.

ஒரு நாடு வேகத்துக்கு ஓர் இடம் ஒதுக்கி, காசு வாங்கி, விதி போட்டு, மீட்பு வண்டியும் நிறுத்திவைத்திருக்கிறது. அதனால்தான் அடுத்த கிராமத்துத் தெருவில் எல்லோரும் 50இல் போகிறார்கள். இதைப் பார்த்துவிட்டு வந்தவனுக்குச் சிறுமலைப் பாதையின் ஞாயிற்றுக்கிழமைகள் வலிக்கின்றன. வாழைத்தார் ஏற்றி இறங்கும் ஜீப்புகளும், காட்டுமாடு கடக்கும் திருப்பங்களும் உள்ள அந்தக் குறுகிய பாதையில், படுத்து வளைக்கிறேன் என்று பைக்கைச் சாய்க்கும் பையன்கள். அவர்களின் ஆசையில் குறையில்லை. என் பள்ளி நோட்டில் ஒட்டிய படங்களும் அதே ஆசைதான். ஆசைக்கு இடம்தான் தவறு.

நூர்புர்க்ரிங்கிலிருந்து எல்லை தாண்டினால் பெல்ஜியத்தின் ஸ்பா-பிராங்கோர்ஷாம் தடம், ஏழு கிலோமீட்டர். 2025 ஏப்ரலில் நடிகர் அஜித்குமாரின் அணி அங்கே தன் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்தது. அதற்குமுன் அதே ஆண்டு ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம். 2010இலேயே ஃபார்முலா டூ பந்தயங்களில் ஓட்டியவர் அவர். திண்டுக்கல் தியேட்டர் வாசலில் அவர் படத்துக்குப் பாலூற்றும் தம்பிகள், அவர் ஹெல்மெட்டும் தீத்தாங்கும் உடையும் அணிந்து, உரிமம் பெற்று, மூடிய தடத்தில்தான் அந்த வேகத்தில் போகிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம்மிடமும் அப்படித் தடங்கள் உண்டு. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தடம். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீட்வே. நம்மவர்க்கு எட்டும் விலையில் பந்தயக் கார்கள் செய்து ஒரு தலைமுறை ஓட்டுநர்களை உருவாக்கிய எஸ். கரிவர்தனின் பெயர் அதற்கு. கோவையிலிருந்து கிளம்பிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

திண்டுக்கல்லிலிருந்து பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகச் செட்டிபாளையம் ஏறக்குறைய மூன்று மணி நேரம். அந்தப் பழனி–பொள்ளாச்சிச் சாலையில் 1920இல் ஜி.டி. நாயுடு ஒரு பேருந்தை வாங்கித் தானே ஓட்டித் தொழில் தொடங்கினார். பின்னாளில் ஜெர்மனி வரை போய் எந்திரங்களைப் படித்து வந்தார். அவர் பெயரிலான கார் அருங்காட்சியகம் கோவை அவினாசி சாலையில் இருக்கிறது. வண்டிமேல் ஆசை வைத்த தம்பிகளே, தங்கைகளே, ஐரோப்பா போகும் நாள் வரும்போது போகலாம். அதுவரை மலைப்பாதையை மலையில் வாழ்கிறவர்களுக்கு விட்டுவிடுங்கள். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, நுழைவுக் கட்டணம் கட்டி, தடத்தில் இறங்குங்கள்.