பலகைக்கு அந்தப் பக்கம்

எங்கள் வீட்டுச் சுவர் கூரையைத் தொடாது. கலும்பாங் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்தில் எந்த வீட்டுச் சுவரும் கூரையைத் தொட்டதில்லை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும் பலகை அடித்திருப்பார்கள். அதற்கு மேல் தகரக் கூரை வரை வெறும் இடைவெளி. அந்த வழியாக எங்கள் கருவாட்டு வாசனை பக்கத்து வீட்டுக்குப் போகும், அவர்கள் வீட்டு இருமல் எங்கள் வீட்டுக்கு வரும். ராத்திரி பத்து மணிக்குத் தோட்டத்து இஞ்சின் நின்றால் லயம் முழுக்க ஒரே நேரத்தில் இருட்டாகிவிடும். அதற்குப் பிறகுதான் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் பேச ஆரம்பிப்பார்கள். இருவரும் அவரவர் பாயில் படுத்தபடியே, பலகையைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

பெரியம்மா எங்களுக்குச் சொந்தமில்லை. சாதி சனம் என்று பார்த்தாலும் வேறுதான். ஆனாலும் அவரைப் பெரியம்மா என்றும் அவர் மகளை அக்கா என்றும்தான் கூப்பிட்டு வளர்ந்தேன். வேறு விதமாகக் கூப்பிடலாம் என்பதே எனக்குத் தெரியாது.

பகலில் அவர்களுக்குப் பேச நேரம் கிடையாது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, வறக்கோப்பி கலக்கி, சோறு கட்டி, இருட்டோடு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டும். பால்மரம் குளிர்ந்த நேரத்தில்தான் நன்றாக வடியும். வெயில் ஏற ஏறப் பால் குறைந்து வெட்டு உறைந்துவிடும். அதனால் நிரையில் ஒருவருக்கொருவர் நின்று பேச முடியாது, ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு ஓட்டம்தான். பத்து பதினொரு மணிக்கு மங்குகளில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து, ஸ்டோரில் நிறுத்துவிட்டு வீடு வர ஒரு மணி ஆகும். பிறகு சமையல், துணி, விறகு. அந்த வேலையெல்லாம் ஓய்ந்த பிறகு மிஞ்சியது அந்த இருட்டு மட்டும்தான்.

எனக்கு ஒரு வேலை இருந்தது. லயத்துக் கோடியில் சீனர் கடை. கடை முதலாளியைத் தவுக்கே என்போம். அவர் எல்லா வீட்டுக்கும் பற்று வைத்திருந்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளங்கை அளவில் ஒரு 555 புத்தகம். வாங்கும் சாமானையும் விலையையும் அதில் மலாய்மொழியில் கிறுக்குவார். பெராஸ், கூலா, மிஞ்ஞா தானா. அரிசி, சீனி, மண்ணெண்ணெய். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை நான் அதை உரக்க வாசிக்க வேண்டும். எங்கள் வீட்டு நிலைமையை அந்தப் புத்தகத்தில்தான் தெரிந்துகொண்டேன். சர்டின் தீன் இரண்டு தடவை வந்த மாதம் நல்ல மாதம். நெத்திலிக் கருவாடு மட்டுமே வரிசையாக இருந்தால் அப்பாவுக்கு வேலை நாள் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். பாட்டிக்கு வலி என்றால் தைலம் இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா வயதுக்கு வந்தபோது எங்கள் புத்தகத்தில் ஒரே நாளில் மூன்று வரி ஏறியது, நல்லெண்ணெய், முட்டை, சீனி.

இன்னொரு வேலை, பாட்டிக்காகக் கடிதம் எழுதுவது. பாட்டியின் தம்பி ஊருக்குப் போய்விட்டார். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் கட்டாயம் என்று வந்ததும், சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த எத்தனையோ தோட்டத்துக் குடும்பங்கள் மூட்டை கட்டின. நாற்பது வருடம் இந்த மண்ணில் பால் வெட்டியவர்கள் 'வெளியார்' ஆனார்கள். அது அநியாயம் என்று அன்றைக்குச் சொல்ல எனக்கு வயதில்லை, இன்றைக்குச் சொல்கிறேன். பாட்டியின் தம்பியும் அப்படித்தான் ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்துக்குப் போனார். பாட்டியிடமும் அதே சிவப்பு அட்டைதான் இருந்தது. வேலையை விட்டு நின்றிருந்ததால் அவர் எங்களோடு தங்கிவிட்டார். தம்பிக்குப் பாட்டி சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். இங்கே எல்லாரும் சுகம். மழை நன்றாகப் பெய்கிறது. பேரன் நன்றாகப் படிக்கிறான். கெட்ட சேதி ஒன்றுகூடக் கடிதத்தில் போகாது. கடல் தாண்டிப் போகிற தாளில் எதற்கு அழுகை என்பார் பாட்டி. அழ வேண்டியதையெல்லாம் ராத்திரியில் அம்மா பலகைக்குச் சொல்வார்.

பாட்டிக்கு ஒரு பழக்கம் உண்டு. உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருக்கும் பானையில் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் களைவார். பிடியரிசி நம் பெண்களுக்குப் புதிதல்ல. ஆனால் பாட்டி அதற்குச் சொன்ன காரணம் கலும்பாங் பக்கத்துக் காரணம். எங்கள் ஊர் சிலாங்கூரின் வடகோடி. கொஞ்சம் வடக்கே போனால் பெர்ணம் ஆறு, அக்கரையில் பேராக்கின் தஞ்சோங் மாலிம். அவசரகாலத்தில், 1952 மார்ச் மாதம், தஞ்சோங் மாலிம் பக்கம் கம்யூனிஸ்டுகள் பதுங்கியிருந்து சுட்டதில் பன்னிரண்டு பேர் செத்தார்கள். பிரிட்டிஷ் ஹைகமிஷனர் டெம்ப்ளர் நேரில் வந்து ஊருக்கே தண்டனை விதித்தார். ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மணி நேரம் ஊரடங்கு. அரிசிப் பங்கீடும் குறைக்கப்பட்டது. பாட்டியின் ஒன்றுவிட்ட தங்கை அப்போது கைக்குழந்தையோடு அந்த ஊரில் இருந்தார். "பத்துக் கல்லு தூரத்துல அவ பட்டினி, இங்க நான் சோறு வடிச்சேன். ஒரு பிடி குடுக்க வழியில்ல" என்பார் பாட்டி. அந்தப் பானையில் விழுந்த பிடி அரிசி ஒவ்வொன்றும் அந்தத் தங்கைக்காக எடுத்து வைத்தது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. தங்கை பிழைத்துவிட்டார். பானை மட்டும் நிற்கவில்லை.

1978ஆம் ஆண்டு. நான் நாலாம் வகுப்பு. அக்டோபர் கடைசியில் தீபாவளி. அந்த மாதம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. பகலில் பெய்தால் பரவாயில்லை, பால் எடுத்தபிறகு எவ்வளவு பெய்தாலும் நட்டமில்லை. இது ராத்திரியில் தொடங்கி விடியும்வரை தகரத்தில் கொட்டியது. பட்டை நனைந்தால் வெட்ட முடியாது. பால் கோட்டில் ஓடாமல் மரமெல்லாம் வழிந்து தண்ணீரோடு போய்விடும். வெட்டவில்லை என்றால் பேர் இல்லை, பேர் இல்லை என்றால் சம்பளம் இல்லை. விடியற்காலையில் அப்பா வாசல் அஞ்சடியில் நின்று வானத்தைப் பார்ப்பார். லயம் முழுக்க ஆண்கள் அப்படியே வரிசையாக நிற்பார்கள். ஒருவரும் பேச மாட்டார்கள். அப்பா பொதுவாகவே பேசாதவர். மழைக்காலத்தில் அவர் குரலையே கேட்க முடியாது. உளியைத் தீட்டிக்கொண்டே இருப்பார், வெட்ட மரம் இல்லாதபோதும்.

அந்த நாட்களில்தான் நான் அதைச் செய்தேன். கடைக் கண்ணாடிப் பெட்டியில் பன்னிரண்டு நிறக் கலர் பென்சில் வந்திருந்தது. அட்டையில் ஒரு மயில். மண்ணெண்ணெய் வாங்கப் போனவன், "அம்மா வாங்கச் சொன்னாங்க" என்று தவுக்கேயிடம் அதையும் கேட்டேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எடுத்துக் கொடுத்துப் புத்தகத்தில் எழுதினார். ஒரு வெள்ளி இருபது காசு. பெட்டியை விறகு அடுக்குக்குள் செருகி வைத்தேன்.

மறுநாள் ராத்திரி அம்மா புத்தகத்தை நீட்டினார். வாசித்துக்கொண்டே வந்து அந்த வரியைத் தாண்டினேன். கடைசியில் மொத்தத்தைச் சொன்னேன். அம்மா கொஞ்சம் யோசித்தார். படிக்காதவர்தான், ஆனால் வருடக்கணக்கில் பால் நிறுவையைக் காதால் கேட்டே கணக்கு வைத்திருந்தவர்.

"திரும்ப வாசிய்யா."

திரும்ப வாசித்தேன். திரும்பவும் தாண்டினேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. "சரி, வையி" என்று புத்தகத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

அதற்கு அடுத்த இரவு மழை இல்லை. இஞ்சின் நின்றது. தவளைச் சத்தம். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அம்மா பலகைப் பக்கம் திரும்பினார்.

"அக்கா, தூங்கிட்டீங்களா?"

"இல்ல புள்ள, சொல்லு."

"தவுக்கேகிட்ட கேட்டேன்கா. கலர் பென்சிலு. எங்கிட்டக் கேக்கப் பயந்துருக்கான்."

அந்தப் பக்கம் பேச்சில்லை. அம்மாவே தொடர்ந்தார்.

"அடிக்கலாம்னுதான் போனேன். அப்புறம் நெனச்சேன், கேட்டிருந்தா வாங்கித் தந்திருப்பேனா? எனக்கே தெரியலக்கா."

அம்மா அழுதாரா என்று இருட்டில் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒரு தடவை கேட்டது. அது பலகைக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றும் சொல்ல முடியவில்லை. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தேன். அடி வாங்கியிருந்தால் தேவலை. அடி ஒரு நாளில் ஆறிவிடும்.

வெகுநேரம் கழித்துப் பெரியம்மா கேட்டார்: "தீபாளிக்கு என்ன செய்யப் போற?"

"ஒண்ணும் தெரியலக்கா."

அவ்வளவுதான் பேச்சு.

காலையில் பள்ளிக்கூடப் பையைத் திறந்தால், பென்சில் பெட்டி உள்ளே இருந்தது. பன்னிரண்டையும் சீவியிருந்தார்கள். திருகியில் போட்டுச் சீவியது இல்லை. கத்தியால், ஒரே சீராக, மெல்லிய சுருள் சுருளாகச் சீவிய கூர். அப்படிச் சீவ எங்கள் வீட்டில் ஒரு கைக்குத்தான் தெரியும், உள்மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் இழைத்து எடுக்கிற கை. அப்பா அஞ்சடியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலடியில் பச்சை, சிவப்பு, ஊதா விளிம்போடு மரச் சுருள்கள் கிடந்தன. நான் அவரைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போக வேண்டும். "போய்ட்டு வரேன்பா" என்றேன். "ம்" என்றார். அந்த விஷயத்தைப் பற்றி எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு ஒரு பேச்சும் இல்லை. நானும் அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தில் ஒரு வரியைக்கூடத் தாண்டியதில்லை.

அந்த லயம் இப்போது இல்லை. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள், பிறகு வீடுகளையும் இடித்தார்கள். அப்பாவும் அம்மாவும் கடைசிக் காலத்தில் தாமான் குடியிருப்பு வீட்டில் இருந்தார்கள். கல் சுவர், கூரைவரை. பெரியம்மா குடும்பம் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் போய்விட்டது. அந்த ஊருக்கே 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது. அம்மா கடைசிவரை பழைய பெயரைத்தான் சொன்னார். மாதம் ஒருமுறை பஸ் மாறி மாறிப் போய்ப் பெரியம்மாவோடு ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருவார். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, சும்மாத்தான்" என்பார்.

அந்தத் தீபாவளியைச் சொல்லாமல் விட முடியாது. லயத்துப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து கூட்டு கட்டி வந்தார்கள். மாதம் ஆளுக்குப் பத்து வெள்ளி, மாதத்துக்கு ஒருவருக்கு நூறு வெள்ளி. கூட்டு நடத்துவதைத் தடுக்க 1971இலேயே சட்டம் வந்திருந்தது. பலர் பணத்தை ஏமாற்றிக்கொண்டு ஓடியதால் வந்த சட்டம் அது. எங்கள் லயத்துக் கூட்டில் ஒருவரும் ஓடியதில்லை. எங்கே ஓடுவது, சுவரே பாதிதானே. அக்டோபர் மாதக் கூட்டு பெரியம்மாவின் முறை. வயதுக்கு வந்த மகளுக்குத் தோடு எடுக்க மாதக்கணக்கில் காத்திருந்த முறை. அம்மாவின் முறை மார்ச்சில்.

கூட்டு எடுத்த அன்று சாயங்காலம் பெரியம்மா எங்கள் அடுப்படிக்கு வந்தார். அம்மா பிடியரிசிப் பானையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் அதுதான் சோறு. பெரியம்மா மடியிலிருந்து நூறு வெள்ளியையும் எடுத்து அம்மிக்கல் மேல் வைத்தார்.

"என்னோடத நீ எடுத்துக்க. ஒன்னோடத நான் எடுத்துக்கறேன்."

"அக்கா, புள்ளைக்குத் தோடு..."

"காதுக்கு என்ன அவசரம்."

எங்களுக்குப் புதுச் சட்டை வந்தது. ஒரு கோழி வந்தது. முறுக்குக்கு மாவு இடித்து இரண்டு வீட்டுக்கும் ஒரே எண்ணெய்ச் சட்டியில் சுட்டார்கள். தவுக்கே கணக்கில் பாதி அடைந்தது, பென்சில் காசும் சேர்த்து. தீபாவளியன்று அக்கா எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு அஞ்சடியில் வந்து நின்றார். காதில் ஈர்க்குச்சி. நான் அந்தக் காதைப் பார்த்துவிட்டுப் பிறகு பார்க்காமல் இருக்க முயன்றேன். அவர் என்னைக் கூப்பிட்டு, "எங்கடா ஒன் கலர் பென்சிலு, காட்டு" என்றார். அவருக்கும் தெரிந்திருந்தது. லயத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் என்னைத் திருடன் என்று சொன்னதில்லை.

மழை டிசம்பரில் விட்டது. 1979 மார்ச்சில் அம்மாவின் முறை வந்தது. நூறு வெள்ளியையும் மடிப்புப் பிரிக்காமல் அம்மா பலகைக்கு மேலே கை நீட்டிக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தஞ்சோங் மாலிமுக்குப் போய்த் திரும்பிய பஸ்ஸிலிருந்து அக்கா இறங்கியபோது அவர் காதில் தோடு இருந்தது.