கட்டத்துணியும் கத்தரித்த கூந்தலும்

ஆடையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களில் சில வெட்டுவதிலிருந்து பிறந்தவை. அறுப்பதால் அறுவை, துணிப்பதால் துணி, துண்டிப்பதால் துண்டு. தறியிலிருந்து அறுத்து எடுத்த பிறகே அது உடுக்கத்தக்கதாகிறது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு சங்கப் புலவர் உண்டு. வகுப்பில் இப்பெயரைச் சொல்லும்போதெல்லாம் கடைசி பெஞ்சு சிரிக்கும். அவர்கள் அகராதியில் அறுவை என்பது நம்முடைய வகுப்பைத்தான் குறிக்கும். துணி விற்றவர் என்று விளக்கினால் சிரிப்பு இன்னும் கூடுமே தவிரக் குறையாது.

கூந்தலிடம் நம் இலக்கியம் இவ்வளவு தாராளமாக நடந்துகொள்ளவில்லை. பெண்ணின் கூந்தலுக்கு ஐம்பால் என்று பெயர். குழல், கொண்டை, பனிச்சை, சுருள், முடி என உரைகாரர்கள் ஐந்து வகை சொல்வார்கள் (பட்டியல் உரைக்கு உரை சற்று மாறும்). ஐந்தும் நீண்ட கூந்தலை முடிக்கும் முறைகள்; குறைத்துக்கொள்வதற்கு அங்கே இடமில்லை. கொய்த கூந்தலைத் தேடிப் போனால் புறநானூற்றின் கைம்மைப் பாடல்களில்தான் போய் நிற்க வேண்டும். வளை களைந்து, கூந்தல் களைந்து, அல்லி அரிசி உண்ணும் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். முதுகலை மாணவர்களுக்கு அந்தப் பாடல்களைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். நாற்பத்தைந்து வயதில் கூந்தலைக் கழுத்தளவு வெட்டிக்கொள்ள முடிவெடுத்தபோது, அந்தப் பாடல்களை ஒருபோதும் படித்திராத நம் அம்மா அவற்றின் பொருளை நமக்கு எடுத்துச் சொன்னார்.

அதைப் பிறகு சொல்கிறோம். முதலில் துணி.

பள்ளிப்பட்டு திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு ஓரம். கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய ஊர். சற்று நடந்தால் ஆந்திரம். கடைத்தெருவில் ஒருவர் தெலுங்கில் விலை கேட்பார், கடைக்காரர் தமிழில் பதில் சொல்வார், இருவருக்கும் அது உறுத்தாது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது இந்தப் பகுதி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி. முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு, 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவற்றுக்குப் பின் 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்தது. நம் தாத்தா இத்தனை மாற்றங்களையும் ஒரே குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தபடியே கடந்தார்.

அவர் நெய்தது கட்டம் போட்ட ரூமால் துணி. ஒரு கஜச் சதுரமாக வரிசையாக நெய்து வரும். பாவிலும் ஊடையிலும் சிவப்பு, நீலம், மஞ்சள். சென்னையிலிருந்து வரும் வியாபாரி வாங்கிப் போவார். எங்கே போகிறது என்று கேட்டால் தாத்தா சொல்லும் பதில் ஒன்றுதான்: "கப்பலுக்குப் போற துணி." அதற்கு மேல் அவருக்குத் தெரியாது.

அந்தக் கப்பல்கள் எங்கெங்கோ போயிருக்கின்றன. புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக 1687 முதல் 1692 வரை இருந்த எலிஹு யேல், 1718இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருந்த ஒரு சிறு கல்லூரிக்கு ஒன்பது பொதிச் சரக்கும் 417 புத்தகங்களும் அனுப்பினார். சரக்கை விற்று வந்த பணத்துக்கு நன்றியாகக் கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. இன்றைய யேல் பல்கலைக்கழகம் அதுதான். நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் வாழும் கலாபரி மக்கள் சென்னைக் கட்டத்துணியை இஞ்சிரி என்பார்கள். பிறப்பிலும் இறப்பிலும் அது அவர்களுக்கு வேண்டும். வாங்கிய துணியை அப்படியே உடுத்துவதோடும் அவர்கள் நிற்பதில்லை. பெண்கள் ஊசியால் சில இழைகளைத் தூக்கி, சவரக்கத்தியால் அறுத்து, உருவி எடுத்துவிடுவார்கள். கட்டத்துக்குள் புதியதொரு கோலம் தோன்றும். பெலெட்டே பிட்டே, அறுத்த இழைத் துணி, என்று அதற்குப் பெயர். நெய்தவன் சேர்த்த இழையை உடுத்துகிறவள் நீக்கித் தனதாக்கிக்கொள்கிறாள். இதை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தோம்.

1958இல் நடந்ததாகச் சொல்லப்படும் கதை இன்னும் வேடிக்கை. வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், பிற்காலத்தில் லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் சென்னைக் கட்டத்துணி வாங்கினார். சாயம் போகும், குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும் என்ற எச்சரிக்கையும் கூடவே தரப்பட்டது. துணி புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போயிற்று; எச்சரிக்கை போகவில்லை. விலையுயர்ந்த சட்டைகள் சலவை இயந்திரத்தில் ஒன்றோடொன்று சாயம் கலந்தன. வழக்கு வரை போகவிருந்த விவகாரத்தை விளம்பரம் காப்பாற்றியது. சாயம் போவதே இதன் அற்புதம், ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புதிய நிறம் என்று பத்திரிகையில் எழுதவைத்தார்கள். விற்பனை எகிறியது. குறையைக் குணமாக்குவதில் நம் உரையாசிரியர்களுக்கு அவர்கள் எவ்விதத்திலும் இளைத்தவர்கள் அல்லர். அமெரிக்கக் கல்லூரிப் பையன்களின் உடைப் பாணியை ஜப்பானியர்கள் 1965இல் 'டேக் ஐவி' என்ற படப்புத்தகமாக வெளியிட்டார்கள். அது இன்றுவரை பழம்பாணி உடுத்துவோரின் கையேடாக இருக்கிறது. 2010இல் ஆங்கிலத்திலும் வந்தது. இந்தப் பழம்பாணிக்காரர்கள் இன்றும் தேடி அணியும் சட்டைகளில் ஒன்று சென்னைக் கட்டம்.

நிற்க. இங்கே என்ன நடந்தது? குழித்தறி போய் விசைத்தறி வந்தது. பள்ளிப்பட்டிலும் பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் இரவெல்லாம் கேட்கும் தடதடப்புக்குத் தாலாட்டு தேவையில்லை. நாம் தூங்கிப் பழகியது அந்தச் சத்தத்தில்தான். அப்பா நான்கு விசைத்தறிகள் வைத்து லுங்கி நெய்தார். நூல் விலை ஏறும், கூலி ஏறாது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நான்கு தறிகளையும் இரும்பு எடைக்குப் போட்டார். வண்டியில் ஏற்றும்போது அவர் வெளியே வரவில்லை. தறி நின்ற இடத்தைக் கழுவி, ஒழுங்குபடுத்தி, மேலே பரணைத் துப்புரவு செய்தபோதுதான் தகரப் பெட்டியில் தாத்தாவின் துணி கிடைத்தது. எட்டு கஜம் இருக்கும். சதுரங்களாக அறுக்கப்படாமல் ஒரே நீளமாக. ஓரத்தில் பூச்சி அரித்திருந்தது, நடுப்பகுதிக்குச் சேதமில்லை.

என்ன செய்வது? பெட்டியிலேயே வைத்திருக்கலாம். கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டலாம் என்று தம்பி சொன்னான். அதே பெட்டியில் பாட்டியின் புகைப்படம் ஒன்றும் இருந்தது. முழங்கை வரை கை வைத்து, கழுத்தில் சிறு காலர் வைத்த ரவிக்கை. மேலே கட்டமில்லாத வெறும் நூல்சேலை. ஐம்பதுகளின் பாணி. மெலிந்த உடம்பு, நேரான பார்வை. இருபது ஆண்டுகளாகக் கல்லூரிக்கு நாம் உடுத்திச் செல்வது பளபளக்கும் செயற்கை இழைச் சேலை. சுருங்காது, இஸ்திரி வேண்டாம், காலை ஆறு மணிப் பேருந்துக்கு உகந்தது. அதில் நமக்குப் பிடித்தது எது என்று எண்ணிப் பார்த்தால், உலர்த்தும் நேரம் குறைவு என்பதைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை.

தையற்காரர் துணியை விரித்து, தடவி, ஒளியில் பிடித்துப் பார்த்தார். "வெட்டிட்டா வெட்டினதுதாம்மா. அப்புறம் ஒட்ட முடியாது. அப்பாகிட்ட கேட்டீங்களா?" என்றார். "கேட்டாச்சு அண்ணே, வெட்டுங்க" என்றோம். கேட்டபோது அப்பா சொன்னது ஒரே வாக்கியம்: "அறுக்காம வெச்சிருந்தா அது பாவுதான், துணி இல்ல." ஆறு ரவிக்கைகள் ஆயின. மிச்சத்தில் தம்பி மகனுக்கு ஒரு சட்டை.

புதிய ரவிக்கையின் காலர் மேல் பின்னல் வந்து வந்து உட்கார்ந்தது. உடை நேர்த்தி என்று பார்த்தால் இதுவே காரணம். வேறொரு காரணமும் உண்டு. காய்ச்சலுக்குப் பின் முடி கொட்டி, பின்னல் சுண்டுவிரல் தடிமனுக்கு இளைத்திருந்தது. அதைச் சவுரி வைத்து இட்டு நிரப்பி ஆறு மாதம் ஓட்டியிருந்தோம். ஊரில் ஆண்களுக்கு ஐந்தாறு சலூன்கள் உண்டு. நாம் நம்பிப் போய் உட்காரத் திருத்தணிக்குப் பேருந்து ஏற வேண்டியிருந்தது. அழகு நிலையத்துப் பெண் இருமுறை கேட்டாள். மூன்றாம் முறை கேட்கும் முன் கத்தரிக்கோலின் சத்தம் காதருகே கேட்டது. தலை இவ்வளவு எடையற்றதாக இருக்கும் என்று தெரிந்திருக்கவில்லை.

பேருந்தில் பக்கத்து இருக்கை அம்மாள் பார்த்துவிட்டு, "முருகனுக்கு வேண்டுதலா? மொட்டையே போட்டிருக்கலாமே, பூமுடி எதுக்கு?" என்றார். இதில் தவறொன்றுமில்லை. திருத்தணியிலிருந்து வெட்டிய தலையோடு ஒரு பெண் வந்தால் இந்த வட்டாரத்தில் அதற்குப் பொருள் அதுதான். வேண்டுதல் இல்லையென்றால் மிஞ்சுவது மற்றொரு பொருள். அம்மா அதைத்தான் சொன்னார்.

"மாப்பிள்ளை நல்லா இருக்கும்போது ஏண்டி இப்படி அலங்கோலமா வந்து நிக்கற?"

அதற்குப் பின் நான்கு நாள் பேசவில்லை. சாப்பாடு போட்டார், பேசவில்லை. வீட்டுக்காரர் தம் பங்குக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று அம்மாவிடமே போய்ச் சொல்லிப் பார்த்தார். அது வேலையைக் கெடுத்தது. வெட்டிய பின்னலைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தோம். அம்மா அதை எடுத்துப் பூசை அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டார். அங்கேயே இருக்கிறது.

கல்லூரியில் மாணவியர் தயங்கித் தயங்கி "நல்லா இருக்கு மேம்" என்றார்கள். மூத்த பேராசிரியர் ஒருவர் பார்த்துவிட்டு, பெரியார் கட்சியில் எப்போது சேர்ந்தீர்கள் என்றார். வேடிக்கையாகச் சொன்னாலும் அவர் சொன்னதில் பொருள் இருந்தது. பெண்கள் கிராப்பு வெட்டிக்கொள்ள வேண்டும், லுங்கியும் ஜிப்பாவும் அணிய வேண்டும் என்று பெரியார் சொல்லி முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. லுங்கி நெய்த ஊரிலிருந்து வந்த நமக்கு அது இப்போதுதான் எட்டியது, அதுவும் காலர் வழியாக. இதே திருத்தணியில் 1888இல் பிறந்த ராதாகிருஷ்ணன் வெள்ளைத் தலைப்பாகையும் நீண்ட கோட்டுமாக உலகம் சுற்றினார். அவர் உடையைப் பற்றி யாரும் என்ன வேண்டுதல் என்று கேட்டதாகத் தெரியவில்லை.

ரவிக்கைகள் சாயம் போகின்றன. முதல் அலசலில் வாளி நீர் இளஞ்சிவப்பானது; நீலம் மெல்லச் சிவப்புக்குள் கசிந்து, கட்டத்தின் ஓரங்கள் மங்கின. தனியாக, குளிர்ந்த நீரில், கொஞ்சம் உப்புப் போட்டு அலசுகிறோம். கொடியில் தொங்கும்போது அப்பா கட்டத்தின் இழைகளை நகத்தால் எண்ணிக்கொண்டு நிற்பார்.

வெட்டிய முடிக்கு ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை சீர் செய்தாக வேண்டும் என்பது நாம் அறிந்திராத செலவு. சென்ற முறை கிளம்பும்போது, திருத்தணியில் மாவிளக்கு வாங்க வேண்டும் என்று சொல்லி அம்மாவும் கூட வந்தார். அழகு நிலையத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கத்தரிக்கோல் போகும் இடமெல்லாம் கண்ணை ஓட்டினார். இடப்பக்கம் ஒரு விரற்கடை அதிகம் இருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் சுட்டிக்காட்டினார். இருந்தது. பணம் கொடுக்கும்போது எவ்வளவு என்று கேட்டார். இருநூறு என்றோம்.

"வெட்டறதுக்கா?" என்றார் அம்மா.