பின் கையோடு வரணும்

மென்பொருளுக்கு வருவதற்கு முன் இரண்டு வருடம் குழாய்களைத் தொங்கவிடுகிற வேலையில் இருந்தேன். வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். விசிட்டிங் கார்டில் பைப்பிங் ஸ்ட்ரெஸ் இன்ஜினியர்.

நீராவிக் குழாய் சூடானால் நீளும். 30 டிகிரியிலிருந்து 330 டிகிரிக்குப் போகும்போது 5 மீட்டர் கார்பன் ஸ்டீல் குழாய் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் வளரும். டர்பைனின் வாயிலிருந்து 5 மீட்டர் மேலே ஏறி, அங்கே படுக்கையாகத் திரும்புகிற ஒரு குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். திரும்பிய இடத்தில் கனத்த வால்வு. அதை வெறும் இரும்புக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் குளிரில் தாங்கும். சூட்டில் குழாய் எழும்பும், கம்பி தொய்யும், பாரம் டர்பைன் மேல் இறங்கும். டர்பைனின் வாய் அதைப் பொறுக்காது, உள்ளே தண்டின் நேர்கோடு பிசகிவிடும். அதனால்தான் கம்பிக்கு மேலே ஒரு டப்பாவில் ஸ்பிரிங். குழாய் எழுந்தாலும் அது கூடவே வந்து தாங்கும்.

ஆனால் ஸ்பிரிங் நகர நகர அதன் விசை மாறும். எந்த நிலையில் அது சரியாக இருக்க வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்யணும். வழக்கமாகச் சூடான நிலை, ஏனென்றால் ஆலை பெரும்பாலும் அப்படித்தான் ஓடும். என் ஹேங்கரில் சூட்டில் 2000 கிலோ. ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 8 கிலோ. 20 மில்லிமீட்டர் எழும்பும் என்றால் வித்தியாசம் 160 கிலோ. ஆக, குளிரில் அது 2160 கிலோவோடு இழுத்துக்கொண்டு நிற்கும். 8 சதவீதத் தவறு. 25 வரை ஒத்துக்கொள்வார்கள், அதைத் தாண்டினால் கான்ஸ்டன்ட் சப்போர்ட். தவறை ஒளிக்காமல் எண் போட்டு எழுதி வைக்கிற அந்த வழக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

சீசர் மென்பொருள் முதல் லோடு கேஸில் ஹேங்கர் இருக்கும் இடத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, அங்கே எவ்வளவு எடை வருகிறது என்று பார்க்கும். அடுத்த கேஸில் பிடியை விட்டு, அந்த எடைக்குச் சமமான விசையை மட்டும் மேல்நோக்கிக் கொடுத்து, குழாயைச் சூடாக்கி, எங்கே போகிறது என்று பார்க்கும். இரண்டும் தெரிந்துவிட்டால் ஸ்பிரிங்கை அதுவே பட்டியலிலிருந்து எடுத்துக் கொடுக்கும். ஹைட்ரோ டெஸ்ட் தனிக் கதை. நீராவி ஓட வேண்டிய 12 இஞ்சுக் குழாயில் தண்ணீரை நிரப்பினால் மீட்டருக்குச் சுமார் 65 கிலோ கூடும். அதனால் லாக் பின் செருகி ஸ்பிரிங்கை அசையாமல் பூட்டி வைப்பார்கள். தண்ணீரை வடித்து, இன்சுலேஷன் சுற்றி, நீராவி விடுவதற்கு முன் பின்னை உருவணும்.

உருவுகிற நாளில் என்னைச் சைட்டுக்கு அனுப்பினார்கள். கடலோரத்தில் ஓர் ஆலை. கூட வந்த ஃபிட்டர் எல்லோருக்கும் அண்ணாச்சி. 11 ஹேங்கரில் பின் விரலால் இழுத்ததும் வந்தது, சிலதுக்கு டர்ன்பக்கிளைக் கால் சுற்று திருப்ப வேண்டியிருந்தது. வால்வுக்குப் பக்கத்தில் இருந்த 12-ஆவது அசையவில்லை.

"சுத்தியால தட்டட்டுமா அண்ணாச்சி?"

"கூடாது தம்பி. பின்னு கையோட வரணும். வரலன்னா நீங்க எழுதுன லோடும் இங்க தொங்குற லோடும் ஒண்ணு இல்ல." குனிந்து பார்த்தார். "ஸ்பிரிங் இன்னும் அமுங்கப் பாக்குது. பாரம் சாஸ்தி."

"ராடைத் தளர்த்தினா?"

"வந்துரும். பைப்பும் கூடவே இறங்கும். அந்தப் பாரம் எங்க போகும்?" கீழே டர்பைனைக் காட்டினார்.

ஃபைலைத் திறந்தேன். வால்வின் எடையை வரைபடத்திலிருந்துதான் எடுத்திருந்தேன். அதே வரைபடத்தின் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: ஆக்சுவேட்டர் நீங்கலாக. மோட்டார், கியர்பாக்ஸ் எல்லாம் சேர்த்து 400 கிலோ. நான் ஓட்டிய எல்லா லோடு கேஸும் பாஸ். ஒன்றில்கூட அந்த 400 கிலோ இல்லை.

கமிஷனிங் மேனேஜர் கீழிருந்து கத்தினார். "மத்த பதினொண்ணும் வந்துச்சுல்ல? லூஸ் பண்ணி எடுங்க, நாளைக்கு ஸ்டீம்." அந்த நிமிடம் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். ராடை நாலு சுற்று தளர்த்தினால் போதும், யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு மணி நேரம் அந்த மேடையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கல்லூரியில் கேட்ட ஃபிளிக்ஸ்பரோ நினைவுக்கு வந்தது. 1974 ஜூன் 1, இங்கிலாந்து. விரிசல் கண்ட ஐந்தாவது ரியாக்டரைக் கழற்றிவிட்டு, நாலுக்கும் ஆறுக்கும் நடுவே தற்காலிகமாக 20 இஞ்சுக் குழாய் ஒன்றைச் சாரத்தின் மேல் வைத்திருந்தார்கள். அதற்கிருந்த ஒரே வரைபடம் பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்டது. விசாரணை அறிக்கையின்படி, குழாய் அழுத்தத்தைத் தாங்குமா என்று கணக்குப் பார்த்தார்கள், தாங்கும் என்று வந்தது. இரண்டு முனையிலும் இருந்த பெல்லோஸ் அந்த வளைந்த குழாயை முறுக்கித் தள்ளும் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். என் 400 கிலோ அந்த அளவுக்குப் போயிருக்காது. டர்பைன் அதிர்ந்திருக்கும், பேரிங் போயிருக்கும், யாராவது ஃபிட்டரைத் திட்டியிருப்பார்கள்.

ஆபீஸுக்கு போன் செய்து, தப்பு என்னுடையது என்றேன். எதிர்முனை கொஞ்ச நேரம் பேசவே இல்லை. புது ஸ்பிரிங் வர மூன்று வாரம் ஆனது. எனக்கு ஒரு மெமோ வந்தது. அடுத்த வருடம் ஐடிக்குப் போனேன், அது சம்பளத்துக்காக. இப்போது எல்லா டெஸ்டும் பச்சையாக வரும்போது, எந்த டெஸ்டிலும் நான் எழுதாமல் விட்ட எடை எது என்று ஒருதரம் தேடிப் பார்க்கிறேன். பாதி நாள் கிடைக்காது.

புது ஸ்பிரிங்கில் பின் இரண்டு விரலுக்கு வந்தது. ஞாபகத்துக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். "அது எப்படி?" என்று என் கையிலிருந்து வாங்கி, ஹேங்கரிலேயே கம்பியால் கட்டித் தொங்கவிட்டார் அண்ணாச்சி. "அடுத்த டெஸ்டுக்கு வேணும்லா."