மருந்தின் நான்காம் பகுதி

திருக்குறளில் 'மருந்து' என்றோர் அதிகாரம் உண்டு. தலைப்பைக் கண்டு மூலிகையும் சூரணமும் எதிர்பார்த்து உள்ளே போகிறவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். பத்துக் குறள்களில் ஆறு, உண்ணும் அளவையும் உண்ணும் முறையையும் மட்டுமே பேசுகின்றன. கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிலிருந்து அம்மருந்தைத் தருபவர். இந்த நான்காமவருக்கு வள்ளுவர் வைத்த பெயர் 'உழைச்செல்வான்'. உழை என்றால் பக்கம். தேர்வுத்தாளில் நான்கையும் வரிசை பிறழாமல் எழுதும் மாணவர்கள், நான்காவதை ஏதோ எண்ணிக்கை நிரப்ப வந்ததாகவே கருதிக் கடந்துவிடுகிறார்கள். அந்த நான்காவது இல்லாவிட்டால் முதல் மூன்றும் என்னவாகும் என்பதை நாற்பதைக் கடந்த பிறகு எங்கள் வீட்டு அடுக்களையில் பார்த்தோம். அதைப் பற்றிச் சில சொற்கள்.

நாங்கள் என்பது கணவன் மனைவி இருவர். ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் முறைவேலை பார்ப்பவர். குடியிருப்பது திருப்பாச்சூரில். திருவள்ளூரிலிருந்து திருத்தணி செல்லும் சாலையில், அப்பரும் சம்பந்தரும் பாடிய வாசீஸ்வரர் கோயில் உள்ள ஊர். 'பாசு' என்றால் மூங்கில். மூங்கில் காடாக இருந்த இடமென்பது தலவரலாறு. இன்று மூங்கிலைவிடக் கம்பெனி வேன்களே மிகுதி. இரவு முறைக்குப் போகிறவர் பத்து மணிக்கு ஒரு சோறு, இரண்டு மணிக்கு ஒரு தேநீரும் பஜ்ஜியும், விடிந்து வந்ததும் நான்கு இட்லி என்று உண்ண, அவருக்குத் துணையாக மற்றவரும் உண்ண, இருபதாண்டு இல்லறத்தில் உடல்களும் நிறைந்தன. 2022 தொடக்கத்தில் ஒருவர் 94 கிலோ, மற்றவர் 79.

எடை மட்டும் என்றால் காலம் தள்ளியிருப்போம். தொழிற்சாலைக்காரருக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.4 என்று வந்தது. அவருடைய தந்தையார் இதே நோயில் முதலில் கால்விரலையும் பிறகு முழங்காலுக்குக் கீழ் முழுவதையும் இழந்து, ஆறாண்டு திண்ணையிலேயே இருந்து மறைந்தவர். அந்தத் திண்ணை இன்னும் எங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. அதற்குமேல் எங்களுக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

மருத்துவர் சொன்ன இரண்டு செய்திகள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, இந்தியர்களுக்கு எடைக்கணக்கு வேறு. உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே கூடுதல், 25ஐத் தாண்டினால் உடற்பருமன். இடுப்பளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80ம் எல்லை. கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்வந்தவரும் தப்ப முடியாது. இரண்டு, மாத்திரையை மாற்றாமல் சோற்றை நிறுத்தக்கூடாது. கிளிமெபிரைடு போன்றவை இன்சுலினைச் சுரக்கத் தூண்டுபவை. சோறு போன பிறகும் அதே அளவில் விழுங்கினால் சர்க்கரை அபாய எல்லைக்குத் தாழ்ந்து மயக்கம் வரும். ஆகவே முதல் நாளே மாத்திரையைக் குறைத்துக் கொடுத்தார். யார் பேச்சையோ கேட்டுத் தாமாகவே இறங்குகிறவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

பத்தியம் கடுமையானது. அரிசி, கோதுமை, சர்க்கரை, வெல்லம், கிழங்கு, பழச்சாறு எதுவுமில்லை. காலையில் முட்டை இரண்டு, பகலில் கீரையும் காயும் ஒரு கிண்ணம் சுண்டலும், மாலையில் மோர், இரவில் பழவேற்காட்டிலிருந்து வரும் மீன், அல்லது பனீர். நாற்பதுக்கு மேல் எடை குறைகையில் கொழுப்போடு தசையும் கரையும் என்பதால் புரதத்தைக் குறைக்கக்கூடாது, வெறும் நடை போதாது, பளு தூக்கவும் வேண்டும் என்பது கட்டளை. தண்ணீர்க் குடங்கள் பயன்பட்டன.

முதல் வாரத் தலைவலியும் எரிச்சலும் பெரிய தடையல்ல. தடையாக நின்றது அன்பு. நம் மொழியில் அன்பைச் சொல்லும் வினைகளில் பாதி உணவைப் பற்றியவை. சாப்பிட்டாயா என்பதுதான் நலவிசாரிப்பு. மறு சோறு வேண்டாம் என்று இலையின்மேல் கைமறித்தால், அந்தக் கையை விலக்கிப் பரிமாறுவதே மரியாதை. எண்பதைத் தொடும் அத்தை எங்களோடு இருக்கிறார். முதல் பத்து நாளும் தட்டருகே நின்று, "ஒரு வாய்தானே கண்ணு, அதுல என்ன ஆயிடப் போவுது?" என்று கேட்டார். பதினோராம் நாள் கேட்கவில்லை, அழுதார். தம் கையால் உண்ண மறுப்பது தம்மையே மறுப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. மண்டபத்துப் பந்தியில் எழுந்து போனால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுருங்குகிறது. பிரதோஷத்தன்று தொன்னையில் வரும் பிரசாதத்தை மறுத்தால் தெய்வக் குற்றம்.

நோன்பு, விரதம், உபவாசம், ஒருபொழுது, பத்தியம் என்று உண்ணாமைக்குத் தமிழில் இத்தனை சொல் இருந்தும், உடல் இளைப்பதற்காக உண்ணாதிருப்பவரை மட்டும் எந்தச் சொல்லிலும் அடக்க நம்மவருக்கு மனம் வருவதில்லை. ஆனால் தனித்துப் பட்டினி கிடப்பதும் நம் மரபில்லை. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனே பிசிராந்தையாருக்கு இடம் ஒதுக்கி வைத்தான். காணாத நண்பரும் வந்து சேர்ந்தார். உயிர் விடுவதற்கே துணை வேண்டியிருந்ததென்றால், உயிரோடிருக்க முயல்பவருக்கு எவ்வளவு வேண்டும்?

விடை எங்களூர்ப் பக்கத்துக் கதையிலேயே இருந்தது. திருவள்ளூர் வீரராகவர் கோயிலின் தலபுராணம் பட்டினியைப் பற்றியதுதான். சாலிஹோத்திர முனிவர் ஓராண்டு உண்ணா நோன்பிருந்து, முடிவில் அரிசி மாவைப் படைத்து, அதிதிக்குரிய பங்கை எடுத்துவைத்துக் காத்திருக்கிறார். முதியவராக வந்த பெருமாள் அந்தப் பங்கை உண்டு பசி தீராமல் முனிவரின் பங்கையும் கேட்கிறார். கொடுத்துவிட்டு முனிவர் இன்னோர் ஆண்டு நோன்பிருக்கிறார். அடுத்த முறையும் முதியவர் வருகிறார். உண்ட பின், படுக்க எவ்வுள் என்று கேட்கிறார். திருவெவ்வுள் என்று பெயர் வந்த கதை இது. இதே கோயில் குளத்தில்தான் நோய் தீர வேண்டி வெல்லம் கரைக்கிறார்கள். வெல்லத்தை உண்ணாமல் நீரில் கரைப்பது நோய்க்கு நல்லதென்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை.

இந்தக் கதையை அத்தைக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை; அவர்தான் எங்களுக்குச் சொல்லி வளர்த்தவர். தாம் உண்ணாதவரும் ஊட்டலாம், ஊட்டப்படுகிறவர் நாமாகவே இருக்கவேண்டியதில்லை என்று மட்டும் சொன்னோம். மறுநாள் முதல் வாசலில் பால்காரருக்கும் குப்பை வண்டிப் பெண்மணிக்கும் இட்லி கிடைத்தது. எங்களுக்கு முருங்கைக்கீரையில் முட்டை உடைத்து ஊற்றிய பொரியல். அந்தப் பொரியல் யார் கேட்டும் வந்ததன்று. எங்கள் பட்டினியைத் தம் சமையலுக்குள் அவரே சேர்த்துக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். தொழிற்சாலை உணவகத்தில் பரிமாறுகிற தம்பி சோற்றுக்குப் பதில் இரண்டு கரண்டி கூட்டு வைத்தார். துறையின் மூத்த பேராசிரியை நாள்தோறும் மாலையில் எங்களோடு நடந்தார். கோயிலில் தொன்னைச் சுண்டல் எங்களுக்கென்று தனியே வந்தது.

ஐந்து மாதத்தில் 94 என்பது 81 ஆயிற்று. 79 என்பது 70. ஊரே கொண்டாடியது. ஆறாம் மாதம் தராசு நின்றது. ஏழிலும் நகரவில்லை. உற்சாகப்படுத்தியவர்கள் மெல்ல மாறினார்கள். "இவ்வளவு கஷ்டப்பட்டும் குறையலையா?" என்றனர் சிலர். "முகம் வத்திப்போச்சே, உடம்புக்கு ஏதாவதா?" என்றனர் வேறு சிலர். எண்ணில் கட்டப்பட்ட ஊக்கம், எண் நின்றதும் நின்றுவிடுகிறது. பெரும்பாலான பத்தியங்கள் முறிவது பசியால் அன்று, இந்த மௌனத்தால்தான் என்றே நினைக்கிறோம்.

எடைக் குறைப்பின் ஆதி நூல்களில் ஒன்று வில்லியம் பான்டிங் என்னும் இலண்டன்காரர் 1863இல் வெளியிட்ட சிறு துண்டு நூல். சவ அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யும் தொழிலர். காது கேளாமைக்கு மருத்துவரிடம் போனவர், 65 வயதில் ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு முதலியவற்றை விடும்படி பணிக்கப்பட்டு, ஓராண்டில் 46 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 21 கிலோ குறைந்தார். காலணிக் கயிற்றைத் தாமே கட்ட முடியாதிருந்தவர் 81 வயதுவரை வாழ்ந்தார். முதற்பதிப்பைச் சொந்தச் செலவில் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். நலமடைந்த பின் தாமே உழைச்செல்வான் ஆனவர் அவர்.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று சென்னையில் கிடைத்தது. மருத்துவர் அ. இராமச்சந்திரனும் குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்றாண்டு தொடர்ந்தார்கள். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. வியப்பு என்னவெனில், அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவே இல்லை. தராசு பேசாத நாளிலும் உள்ளே ஏதோ சீராகிக்கொண்டிருந்தது. 2013இல் வந்த அடுத்த ஆய்வு, தென்கிழக்கு இந்தியத் தொழிற்கூடங்களில் பணிபுரிந்த, 35 முதல் 55 வயதுவரையான 537 ஆண்களைப் பற்றியது. எல்லோருக்கும் முதலில் ஒரே அறிவுரை. ஒரு பாதியினருக்கு மட்டும் கைப்பேசியில் தொடர்ந்து குறுஞ்செய்திகள். இரண்டாண்டு முடிவில் செய்தி பெறாதவரில் 27 விழுக்காட்டினருக்கும், பெற்றவரில் 18 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. எவரோ ஒருவர் தம்மை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்னும் எண்ணத்துக்கும் இதில் பங்குண்டு என்பது எங்கள் ஊகம். ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை.

மூன்றாண்டுகள் கடந்துவிட்டன. எடை 82இலும் 71இலும் நிற்கிறது. சர்க்கரைச் சராசரி 6.2, மாத்திரை ஒன்று. வாரத்துக்கு இருமுறை ஒரு கரண்டி சோறும் உண்டு. திண்ணையில் இப்போது உட்காருவது காற்று வாங்குவதற்கு மட்டும். தராசு நின்றபோது எங்களைத் தாங்கியவர் யாரென்று எண்ணிப் பார்க்கிறோம். அத்தை ஒரு நாளும் எத்தனை கிலோ என்று கேட்டதில்லை. கிலோக் கணக்கே அவருக்குப் புரியாது. பேராசிரியை எடை குறைந்த மாதமும் நடந்தார், குறையாத மாதமும் நடந்தார்.

உங்கள் வீட்டிலும் யாரேனும் நாற்பதிலோ ஐம்பதிலோ அறுபதிலோ தட்டைத் தள்ளி வைக்கத் தொடங்கியிருக்கலாம். அவரை இன்னொரு கரண்டிக்கு வற்புறுத்த வேண்டாம். எவ்வளவு குறைந்தது என்றும் கேட்க வேண்டாம். மாலையில் செருப்பை மாட்டிக்கொண்டு, "நடக்கப் போகலாமா?" என்று கேளுங்கள். ஏழாம் மாதத்திலும் கேளுங்கள்.