உம்மாவின் நடைக்கு ஒரு விளக்கு



விடுமுறையில் வந்த மகனோ தம்பியோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பெட்டியொன்று, உங்களில் பலருடைய வீட்டிலும் பிரிக்கப்படாமலேயே பரண்மேல் இருக்கக்கூடும். எங்கள் வீட்டிலும் இருந்தது. கைப்பேசியால் இயக்கத்தக்க 'ஸ்மார்ட்' பல்புகள் இரண்டும், சிறிய கேமரா ஒன்றும் அதனுள் இருந்தன. கலைக் கல்லூரியில் வரலாறு பயின்று, மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வருபவன் நான். ஃபியூஸ் போனால் ஆள் தேடி ஓடுவதுதான் மின்சாரத்தோடு எனக்கிருந்த உறவு.

அந்தப் பெட்டியைப் பிரிக்க வைத்தது ஒரு விபத்து. 76 வயதான என் தாயார், ஓரிரவு தண்ணீர் குடிக்க எழுந்தவர்கள், இருட்டில் சுவிட்சைத் தடவித் தேடும்போது நடையில் தடுக்கி விழுந்துவிட்டார்கள். மணிக்கட்டு எலும்பில் விரிசல். செய்தி கேட்ட தம்பி துபாயிலிருந்து பேசினான். “நான் தந்த விளக்கை மாட்டியிருந்தால் உம்மா விழுந்திருப்பார்களா, காக்கா?” என்று அவன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

மறுநாளே பல்பை நடையில் மாட்டினேன். அதற்குரிய செயலியைக் கைப்பேசியில் ஏற்றி, தம்பி முன்பே தொடங்கி வைத்திருந்த கணக்கினுள் நுழைந்தேன். பல்பு படபடவென்று இமைத்தது. புதிய இணைப்பை ஏற்கத் தயார் என்பதற்கு அதுவே அடையாளமாம். ஆனால் கைப்பேசியோ தேடித் தேடிப் பார்த்துவிட்டு, 'கருவி கிடைக்கவில்லை' என்று கை விரித்தது. நான்கு முறை முயன்றேன்; நான்கு முறையும் அதே விடை. பல்பு பழுதென்று முடிவு கட்டிப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டேன்.

மாலையில் ஓத வரும் மாணவன் ஒருவன்தான் என் அறியாமையைத் தீர்த்து வைத்தான். “ஹஜ்ரத், உங்க ரவுட்டர்ல ரெண்டு அலைவரிசை இருக்கு. பல்புக்கு ஒண்ணுதான் தெரியும்” என்றான். ஆம், வாசகர்களே! இன்றைய ரவுட்டர்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் வைஃபையைப் பரப்புகின்றன. 5 வேகமானது, ஆனால் தடித்த சுவர்களைக் கடந்து அதிகத் தொலைவு செல்லாது. 2.4 வேகம் குறைந்தது, தொலைவு செல்லும். இத்தகைய பல்புகளில் பெரும்பாலானவை 2.4ஐ மட்டுமே அறியும். என் கைப்பேசி நின்றதோ 5இல். மாணவன் ரவுட்டரின் அமைப்பினுள் சென்று இரண்டிற்கும் தனித்தனிப் பெயரிட்டு, கைப்பேசியை 2.4க்கு மாற்றினான். பல்பைச் சில முறை அணைத்து அணைத்துப் போட்டு மீண்டும் இமைக்க வைத்தான். ஒரே நிமிடத்தில் இணைந்துவிட்டது. கற்பிப்பவனாகவே இருந்து பழகிய எனக்கு, அன்று மாணவனாக அமர்ந்திருந்தது நன்றாகவே இருந்தது.

சூரியன் மறையும்போது எரிந்து, விடிந்ததும் அணையுமாறு கட்டளை அமைத்தோம். அடுத்த சோதனை அங்கே காத்திருந்தது. அது ஜூன் மாதம். மஃரிபு ஆயிற்று, இஷாவும் முடிந்தது. நடை இருண்டே கிடந்தது. இரவு 8.40 மணி வாக்கில்தான் விளக்கு எரிந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், விளக்கு எரிந்த சற்று நேரத்தில் தம்பி பேசினான். அவன் குரலுக்குப் பின்னால் பாங்கோசை கேட்டது. “என்ன பாங்கு?” என்றேன். “மஃரிபு” என்றான். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கணக்கைத் தொடங்கியவன் அவன். செயலியில் 'வீடு' இருக்குமிடம் துபாய் என்றே பதிவாகியிருந்தது. உம்மாவின் நடைவிளக்கு துபாயின் சூரியனுக்காகக் காத்திருந்திருக்கிறது! இடத்தை நம் ஊருக்கு மாற்றியதும் எல்லாம் சீராயிற்று.

சீராயிற்று என்று நான்தான் எண்ணினேன். அன்றிரவே விளக்கு மறுபடியும் இருண்டது. உம்மா படுக்கப் போகுமுன் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்துவிட்டார்கள். சுவிட்சை அணைத்தால் பல்புக்கு மின்சாரமே இல்லை. பிறகு எந்தக் கட்டளை அதற்கு எட்டும்? ஆளில்லாத இடத்தில் விளக்கு எரிவது வீண் விரயம் என்பது அவர்கள் ஆயுள் முழுவதும் காத்துவந்த ஒழுக்கம். கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. கணக்குச் சொன்னேன். “இது 9 வாட் பல்பு, உம்மா. முழு வெளிச்சத்தில் 10 மணி நேரம் எரிந்தாலும், ஒரு யூனிட் ஆக 11 இரவுகள் பிடிக்கும். நாம் வெளிச்சத்தைக் குறைத்தல்லவா வைத்திருக்கிறோம்?” சற்று யோசித்தவர்கள், “அப்படியானால் எரியட்டும், வாப்பா” என்றார்கள். பிறர் கை தவறிப் படாதிருக்க, சுவிட்சின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டினேன்.

கேமராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தம்பியின் வற்புறுத்தலால் அதைக் கூடத்தில் வைத்தோம். ஒரே முயற்சியில் இணைந்துவிட்டது. நான்கு நாள்களுக்குப் பின், நண்பகல் வெக்கையில் உம்மா முக்காட்டை இறுக இழுத்துப் போர்த்தியபடி கூடத்தின் ஓரத்தில் அமர்ந்திருக்கக் கண்டேன். நெற்றியெல்லாம் வியர்வை. காரணம் கேட்டேன். “அது பார்த்துக்கொண்டே இருக்கிறதே. தம்பி பக்கத்தில் வேறு யார் இருப்பார்களோ?” என்றார்கள். அறுபது ஆண்டுகளாகத் தாம் ஆண்ட வீட்டில் அவர்கள் விருந்தாளியைப் போல் ஒடுங்கியிருந்தார்கள். இணைப்பதற்கு முன்பு அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அன்றே கேமராவைக் கழற்றிவிட்டேன். தம்பிக்கு முதலில் வருத்தம். காரணத்தைச் சொன்னதும் நெடுநேரம் மௌனமாக இருந்தான்.

புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு நான் பட்டறிந்த சில: பல்பைக் குறை சொல்லுமுன் அலைவரிசையைப் பாருங்கள். செயலியில் வீட்டின் இடத்தைச் சரிபாருங்கள். மின்சாரம் போய் வந்தால் சில பல்புகள் முழு வெளிச்சத்துடன் எரியத் தொடங்கும். முன்பிருந்த நிலைக்கே திரும்புமாறு அமைக்கும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். கடவுச்சொல்லை ஏட்டில் எழ்திப் பத்திரப்படுத்துங்கள். மின்சாரமே இல்லாத இரவில் எந்த ஸ்மார்ட் விளக்கும் உதவாது. உம்மாவின் தலையணை அருகே இப்போது ஒரு டார்ச்சும் இருக்கிறது.

இப்பொழுது நம் ஊர் மஃரிபுக்கு நடைவிளக்கு எரிகிறது. துபாயில் மஃரிபு முடிந்ததும் தம்பி தொலைபேசியில் அழைக்கிறான், ஒவ்வொரு நாளும். “இன்று என்ன ஆக்கினீர்கள், உம்மா?” என்று அவன் கேட்பதும், முக்காடு தோளில் சரிந்து கிடக்க உம்மா விரிவாகப் பதில் சொல்வதும் என் அறைவரை கேட்கின்றன.