ஊருக்குள் போகாத சாலை

சென்னையிலிருந்து கும்பகோணம் போகிற பஸ் விக்கிரவாண்டியில் திருச்சி சாலையை விட்டுப் பிரியும். அங்கிருந்து தஞ்சாவூருக்குச் சுமார் 165 கி.மீ. கோலியனூர் கூட்டுரோடு, பண்ருட்டி கடைவீதி, நெய்வேலி ஆர்ச் கேட், வடலூர் நாற்சந்தி என ஊர் ஊராக நுழைந்து வெளியேறிய இருவழிச் சாலை அது. நான்கு வழியாக்கியபோது பல இடங்களில் பாதையையே ஊருக்கு வெளியே நகர்த்திவிட்டார்கள்.

பண்ருட்டியில் சாலையோரம் பலாப்பழம் குவித்து விற்பவர்களுக்கு நெரிசலில் ஊர்ந்து வரும் கார்தான் வாடிக்கை. கண்ணாடியை இறக்கி விலை கேட்டவர் பத்துச் சுளையாவது வாங்காமல் போகமாட்டார். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்குப் பழம் கண்ணில் பட்டாலும் கால் பிரேக்குக்குப் போகாது. தோப்பைக் கொடுத்தவர்கள் கதை வேறு. 2015 முதல் நெடுஞ்சாலை நிலங்களுக்கும் 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி இழப்பீடு. தொகை கூடியது உண்மை. ஆனால் பேரன் காலம்வரை காய்க்கிற பலாவுக்கு ஒரே தடவையாகப் பணம் கொடுப்பது என்ன கணக்கு என்று கேட்டால் எந்தத் தாசில்தாரிடமும் பதில் இருக்காது.

வடலூருக்குப் பெரிய நஷ்டமில்லை. 1867-இல் வள்ளலார் அன்னதானத்துக்கு மூட்டிய அடுப்பைத் தேடி வருகிறவர்கள் எந்தச் சாலையானாலும் வந்துவிடுவார்கள்.

சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றைத் தாண்டினால் பழைய சாலை வீராணம் ஏரிக்கரை மேலேயே ஓடும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் வயல். அழகான பயணம்தான், ஆனால் அந்தக் கரையில் நான்கு வழி நடக்காத காரியம். சேத்தியாத்தோப்பு முதல் சோழபுரம் வரையிலான 50 கி.மீ. நான்குவழித் துண்டு, சுமார் 2,350 கோடி ரூபாயில் முடிந்து, 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. பயணத்தில் முக்கால் மணி நேரம் மிச்சம் என்றது அரசு.

அந்தத் துண்டில்தான் அணைக்கரை வருகிறது. 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணை அது. பாசனத்துக்குக் கட்டியதன் முதுகில் ஒரு நெடுஞ்சாலையையே ஏற்றி வைத்திருந்தோம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். கடைசியில் கனரக வண்டிகளுக்குத் தடை போட வேண்டியதாயிற்று. இப்போது கொள்ளிடத்தில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய நான்குவழிப் பாலம் இருக்கிறது. இந்த 165 கிலோமீட்டரில் சாலையை நகர்த்தியது நூற்றுக்கு நூறு சரி என்று நான் சொல்லக்கூடிய இடம் இதுதான். அணைக்கரை டீக்கடைக்காரர் ஒப்புக்கொள்ளமாட்டார். அவர் கவலை அவருக்கு.

கொள்ளிடத்துக்குத் தெற்கே டெல்டா. வயல் நடுவே ஆள் உயரத்துக்கு மேல் மண் கொட்டிப் போட்ட சாலை, தண்ணீருக்கு ஓர் அணை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பாப் பயிர் மூழ்கினால் சில நாளில் வடிந்தாக வேண்டும், இல்லையேல் அழுகிவிடும். வடிகால் எங்கே ஓடுகிறது என்பதை மடை பார்க்கிற கிழவரைக் கேட்டாலே தெரிந்துவிடும். வரைபடம் போடுகிறவர் அவரைக் கேட்டாரா என்பதை முதல் பெருமழை சொல்லிவிடும். வீடு இந்தப் பக்கம், நிலம் அந்தப் பக்கம் என்றாகிவிட்டவர்களுக்குச் சுரங்கப்பாதைதான் வழி. அதில் மாடு போகும், டிராக்டர் போகும். அறுப்பு மிஷின் நுழையாவிட்டால் சுற்றித்தான் வரவேண்டும். வாடகை மணிக்கணக்கில் ஏறும்.

இரவுப் பஸ்ஸில் ஏறும்போதே கண்டக்டர் சொல்லிவிடுகிறார்: “பைபாஸ்லதான் இறக்குவோம்ணே, ஊருக்குள்ள போகாது.” மிச்சமான முக்கால் மணி நேரம் அங்கே ஆட்டோவுக்குக் காத்திருப்பதில் போய்விடும். வந்த ஆட்டோக்காரர் ராத்திரி ரேட்டு சொல்வார்.